மணியக்காவின் ஊதா மூக்குக்கண்ணாடி

மணியக்கா யாரோடு பேசினாலும் அவளுடைய பார்வை அவர்களின் பல்லில்தான் இருக்கும். தெருமுனைக் கடைக்காரர் சில்லறை இல்லை என்று ஏதோ விளக்கிக்கொண்டிருப்பார். அக்கா பாதியில் நிறுத்தி, “மேல இடது பக்கம் கட்டின பல்லுதானே? பக்கத்துப் பல்லுக்கு ஒத்துப்போகல. பீங்கான் மாவுல இன்னும் ஒரு சிட்டிகை சாம்பல் கலர் சேத்திருக்கணும்,” என்பாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் வாயை மூடிக்கொண்டே வியாபாரம் பார்ப்பார். அக்காவுக்கு இதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இருபது வருஷத்துக்கு மேல் பல் செட் செய்கிற கூடத்தில் உட்கார்ந்து, ஊரார் வாய்க்கெல்லாம் நிறம் பார்த்த கண் அது. வேலையை விட்ட பிறகும் சும்மா இருக்கத் தெரியாமல் அலைகிறது.

“வெள்ளைன்னு ஒரு கலரே உலகத்துல கிடையாது,” என்பது அவள் அடிக்கடி சொல்வது. “மஞ்சள் வெள்ளை இருக்கு, சாம்பல் வெள்ளை இருக்கு, பால் வெள்ளை, பயந்த வெள்ளை இருக்கு. எதுன்னு சொல்லணும்.”

இப்போது அவள் செய்வது கண்ணாடி மணி. கேட்கிறவர்களுக்குக் கேட்கிற நிறத்தில், ஒவ்வொன்றாக, கையால். அதனால்தான் தெருவுக்கே அவள் மணியக்கா. வீட்டின் பின்பக்கம் துணி துவைக்க ஒதுக்கியிருந்த அறைதான் பட்டறை. துவைக்கிற இயந்திரத்தைக் கூடத்துக்கு நகர்த்தி, அதன்மேல் ஒரு விரிப்பைப் போட்டு, வருகிறவர்களுக்கு அதில்தான் காப்பி வைக்கிறாள். இயந்திரம் ஓடுகிற நேரத்தில் போனால் கோப்பையைக் கையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டறையில் மின்விசிறி உண்டு, ஆனால் அது சுற்றி யாரும் பார்த்ததில்லை. காற்றுப் பட்டால் பர்னரின் தீ தலையை ஆட்டும், தீ ஆடினால் மணி கோணிவிடும். ஆகவே ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்காருவாள். ஒரு கையில் பென்சில் கனத்தில் கண்ணாடிக் குச்சி. இன்னொரு கையில், மணி ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் களிமண் குழம்பில் தோய்த்துக் காயவைத்த எஃகுக் கம்பி. குச்சியின் நுனி தீயில் உருகித் தேனைப் போலத் தொங்கும்போது அதைக் கம்பியில் சுற்ற வேண்டும். கம்பி உருண்டுகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் மணி ஒரு பக்கமாகச் சரிந்து மூக்கு வைத்துக்கொள்ளும். தும்மல் வந்தால்கூடக் கம்பியை உருட்டிக்கொண்டேதான் அக்கா தும்முவாள். தூங்கும்போதும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டியபடி இருக்கும் என்று அவள் வீட்டுக்காரர் சொல்கிறார்.

உருட்டி முடித்த மணியை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட முடியாது. சின்ன மின்சூளைக்குள் வைத்து, மறுநாள் காலைவரை மெல்ல மெல்லச் சூட்டைக் குறைக்க வேண்டும். இன்றைக்கே கிடைக்குமா என்று அவசரப்படுகிறவர்களுக்கு அக்காவிடம் பதில் தயாராக இருக்கும். “கொதிச்சுப்போய் நிக்கற ஆளு தலையில பச்சைத் தண்ணிய ஊத்திப் பாருங்க, என்ன ஆகும்? அதேதான் இதுக்கும்.”

அடுத்தது, அந்த மூக்குக்கண்ணாடி. கண்ணாடி உருகும்போது தீயில் மஞ்சளாக ஒரு வெளிச்சம் பீறிடும். அதில் மணியே கண்ணுக்குத் தெரியாது. அந்த மஞ்சளை விழுங்குவதற்கென்றே ஊதா நிறத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி இருக்கிறது. போட்டுக்கொண்டால் தீ அடங்கிப்போய் மணி மட்டும் துல்லியமாகத் தெரியும். காலையில் அதை மூக்கில் ஏற்றினால் அக்கா இறக்க மறந்துவிடுவாள். அதோடு கடைக்குப் போயிருக்கிறாள், கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறாள், ஒருமுறை வங்கியில் போட்டோ எடுக்கிற இடத்தில் “முதல்ல அதைக் கழட்டுங்கம்மா” என்று அதட்டலும் வாங்கியிருக்கிறாள். அதன் வழியாகப் பார்த்தால் உலகம் லேசாக ரோஜா நிறம் பூசிக்கொண்டிருக்கும், சில நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே மாதிரி தெரியும். “பாக்க அழகாத்தான் இருக்கு. ஆனா அத்தனையும் பொய்,” என்பாள். அதனால் நிறம் பொருத்துகிற வேலையை மட்டும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஜன்னலோரமாக, காலை வெளிச்சத்தில்தான் செய்வாள். பட்டறையில் எழுதாத சட்டம் அது.

போனில் படம் அனுப்பி அவளிடம் ஆர்டர் கொடுக்க முடியாது. “போனை நம்ப மாட்டேன். பொருளைக் கொண்டாங்க.” ஆகவே ஜனங்கள் பொருளோடு வருகிறார்கள். உதிர்ந்த கிளியிறகு, உடைந்த கோப்பையின் காது, பழைய கதவிலிருந்து சுரண்டிய பெயின்ட். ஒருவர் தன் காரின் நிறத்திலேயே சாவிக்கொத்துக்கு மணி வேண்டும் என்று, காரையே பின்சந்துக்குள் நுழைத்து ஜன்னலோரம் கொண்டுவந்து நிறுத்தினார். நுழைந்த கார் வெளியே வர மத்தியானம் ஆயிற்று. ஆரஞ்சு நிறம் வேண்டும் என்று மொட்டையாகச் சொன்ன ஒரு பெண்ணை அக்கா விடவில்லை. “உரிக்கறதுக்கு முன்னாடி ஆரஞ்சா, உரிச்சப்பறம் ஆரஞ்சா?” என்று கேட்டாள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போன அந்தப் பெண் உண்மையாகவே யோசித்துவிட்டு, மறுநாள் பாதி உரித்த பழத்தோடு வந்து சேர்ந்தாள். அக்காவுக்கு அவளை மிகவும் பிடித்துப்போயிற்று.

வீட்டுக்காரர் கடைகளின் எடை இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர். தராசுக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். பேச்சையும் நிறுத்துத்தான் போடுவார். அக்கா செய்கிற மணிகளில் கம்மலுக்கு ஜோடி சேர்ப்பது அவருடைய வேலை. கையால் உருட்டுகிற மணி இரண்டு ஒன்றுபோல வரவே வராது. ஒரு ஜோடி வேண்டுமென்றால் ஒரு கைப்பிடி மணியைச் செய்துபோட்டு, அதில் ஒத்துப்போகிற இரண்டைத் தேட வேண்டும். தராசுக்காரர் சின்னத் தராசை மேசையில் வைத்து, ஒவ்வொன்றாக எடை பார்த்து, உருட்டித் தடவிப் பார்த்து, கடைசியில் இரண்டை ஒதுக்கி, “இது ரெண்டும் சம்மதம்,” என்பார். எடை ஒத்துப்போகாத கம்மல் போட்டால் மனுஷிக்குத் தலையே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி.

நிறத்தைப் பற்றி மட்டும் அவர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் கண்ணுக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் தக்காளி வாங்கி வரச் சொன்னதற்கு, கடையில் இருந்த அத்தனை பச்சைக் காயையும் பொறுக்கி எடுத்து வந்தவர். அன்றிலிருந்து இன்றுவரை காய்கறிக் கடைக்கு அவரைத் தனியாக அனுப்புவதில்லை. “ஊருக்கெல்லாம் கலர் பாத்துச் சொல்றவளை, கலரே தெரியாத மனுஷனுக்குத் தேடிப் பிடிச்சுக் கட்டி வெச்சாங்க,” என்று அக்கா எல்லோரிடமும் சொல்வாள். சொல்லும்போது முகத்தில் பெருமையும் இருக்கும்.

இவளிடம் போன மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற ஒருவர் வந்தார். நாற்பதைத் தாண்டிய ஆள், நல்ல உயரம். உள்ளே வரலாமா வேண்டாமா என்று வாசலில் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். அக்கா அதட்டிக் கூப்பிட்ட பிறகு உள்ளே வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பட்டனை எடுத்து நீட்டினார்.

“இந்தக் கலர்ல ஒரு ஜோடி கம்மல் வேணும்க்கா. வெள்ளிக்கிழமைக்குள்ள.”

அக்கா ஊதாக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பட்டனை ஜன்னலோரம் கொண்டுபோனாள். “சாம்பல் பூத்த பச்சை. சிமென்ட் தரையில தண்ணி தேங்கி நின்னா ஓரத்துல ஒரு பாசி பிடிக்குமே, அந்தப் பச்சை. மழைக்கோட்டு பட்டனா?”

“ஆமாக்கா.”

“இது உங்க கோட்டு இல்லியே. பொம்பளைங்க கோட்டுல போடற சைஸு.”

பஸ்காரர் துவைக்கிற இயந்திரத்தின்மேல் இருந்த விரிப்பின் நூலைப் பிரிக்க ஆரம்பித்தார். ஆனால் அக்காவிடம் யாரும் பாதிக் கதையைச் சொல்லிவிட்டுத் தப்பித்துப் போக முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. அவருடைய பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற உதவியாளர் ஒரு பெண். மூன்று வருஷமாக அதே பஸ்தான். அவள் வேலைக்கு வந்த முதல் நாள் நல்ல மழை.

“எதிர்ல ஒண்ணுமே தெரியலக்கா. வைப்பர் இந்தப் பக்கம் போனா வெறும் தண்ணி. அந்தப் பக்கம் போனா, தூரத்துல இந்தக் கலர் மட்டும் தெரியும். பக்கத்துல போய் நிறுத்தினா, அவங்க நிக்கறாங்க. ரெண்டு பிள்ளைங்களைக் கோட்டுக்குள்ள விட்டுக்கிட்டு, தான் நனைஞ்சுக்கிட்டு. அன்னிக்கே எனக்கு...” என்று சொல்லி நிறுத்திவிட்டார்.

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“என்னத்தக்கா சொல்றது. நான் கதவை மூடட்டுமான்னு கேப்பேன். அவங்க மூடுங்கன்னு சொல்வாங்க. அவ்வளவுதான் நாங்க பேசிக்கறது.”

“உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?”

“டிரைவர் சார்னு.”

“அண்ணேன்னு கூப்பிடலியா?”

“இல்லக்கா.”

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூட இல்லக்கா. மத்த எல்லாரும் அண்ணேன்னுதான் கூப்பிடறாங்க.”

அக்கா தராசுக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். “அப்போ நம்பிக்கை இருக்கு,” என்றாள் அக்கா.

வெள்ளிக்கிழமைதான் பள்ளிக்கூடத்தின் கடைசி நாள். விடுமுறை முடிந்தால் அந்தப் பெண்ணுக்கு நகரத்தின் மறு கோடியில் வேறு பஸ். அதற்குள் கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டுவிட வேண்டும். வாயால் கேட்க வராது என்பது பஸ்காரருக்கே தெரியும். அதனால்தான் அந்த நிறத்தில் கம்மல். அதைப் பார்த்தால் அவளுக்கே புரிந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். கோட்டின் உள்பக்கம் உபரியாகத் தைத்திருந்த பட்டனை, கோட்டு பஸ் கொக்கியில் தொங்கியபோது நகவெட்டியால் வெட்டி எடுத்துவிட்டாராம்.

“திருட்டு இல்லக்கா. திருப்பி வெச்சுடுவேன்.”

அக்கா அவருடைய வாயை நன்றாக உற்றுப் பார்த்தாள். “எல்லாம் சொந்தப் பல்லுதான், நல்லா இருக்கு. குடுக்கும்போது சிரிச்சுக்கிட்டே குடுங்க,” என்று அனுப்பிவைத்தாள்.

அந்த வாரம் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. யாருக்கு, எதற்கு என்று தெரிந்துவிட்டால் அவள் கை தானாக ஓடும். இதற்கோ பறந்தது. பச்சைக் குச்சியோடு சாம்பலையும் வெள்ளையையும் உருக்கிச் சேர்த்து, நூலாக இழுத்து, முறுக்கி, மறுபடி உருக்கி, புதிது புதிதாக நிறம் கூட்டினாள். செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டில் சுவருக்கு வண்ணம் அடிக்க ஆரம்பித்து, சாரம் கட்டித் தார்ப்பாயைத் தொங்கவிட்டார்கள். ஜன்னல் இருட்டிப்போயிற்று. மற்ற நாளாக இருந்தால் அக்கா தெருவில் இறங்கி ஒரு மூச்சு சண்டை போட்டிருப்பாள். இப்போது அதற்கெல்லாம் நேரம் இல்லை. பட்டனைத் தீக்குப் பக்கத்திலேயே, விளக்கடியில் வைத்துக்கொண்டாள். சூளையிலிருந்து எடுக்கிற மணியை அங்கேயே அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். மூக்கின்மேல் ஊதாக் கண்ணாடி உட்கார்ந்திருந்தது. அது அங்கே இருப்பதே அவளுக்கு நினைவில்லை. கல்யாண சந்தோஷத்தில் பட்டறைச் சட்டம் காற்றில் போய்விட்டது.

வியாழக்கிழமை மாலை தராசுக்காரர் எடை பார்த்து ஜோடியை ஒதுக்கினார். வழக்கம்போல எழுந்து போகாமல், பட்டனையும் மணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது வேற மாதிரி தெரியுதே.”

“எது?”

“பட்டன் மங்கலா இருக்கு. மணி பளிச்சுனு இருக்கு.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க கலர் சொல்றீங்களா? தக்காளிக்காரர் கேட்டா கடையை மூடிட்டுப் போயிடுவாரு. கண்ணாடின்னா பளிச்சுனுதான் இருக்கும். எடை சரியா இருக்கா?”

“எடை சரியா இருக்கு.”

“அது போதும்.”

வெள்ளிக்கிழமை காலை தெருவில் ஹார்ன் அடித்தது. பஸ்ஸைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் பஸ்காரர் ஓடி வந்தார். சின்ன அட்டைப் பெட்டியில் கம்மலும், மடித்த காகிதத்தில் பட்டனும் கை மாறின. அக்கா அவர் பின்னாலேயே வாசல்வரை ஓடிப்போய், பஸ் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஜன்னல் நிறையப் பிள்ளைகள். முன்பக்கம் ஒரு பெண்ணின் தோள் தெரிந்தது. தெருவும் பஸ்ஸும் பிள்ளைகளும் ரோஜா நிறத்தில் மிதந்தார்கள். இவ்வளவு அழகான ஒரு காலையைப் பார்த்ததே இல்லை என்று அக்காவுக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் அடுத்த வீட்டில் வேலை முடிந்து தார்ப்பாயை அவிழ்த்தார்கள். ஜன்னல் வழியாக வெளிச்சம் உள்ளே வந்தது. முகத்தைத் துடைக்க அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். மேசையில், ஜோடி சேராமல் மிச்சமிருந்த மணிகள் கிடந்தன. பச்சையில் நீலம் ஓடி, மீன்தொட்டிபோல மினுங்கிக்கொண்டிருந்தன. சாம்பலைக் காணவே காணோம்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டாள். சாம்பல் பூத்த பச்சை. கழற்றினாள். மீன்தொட்டி. மறுபடி போட்டாள், மறுபடி கழற்றினாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

கதவருகே நின்றிருந்த தராசுக்காரர் பக்கத்தில் வந்து, தண்ணீர்ச் சொம்பை அவள் முன்னால் வைத்தார்.

“எத்தனை வாய்க்குக் கலர் பாத்திருக்கேன். ஒருத்தர் சரியில்லைன்னு திரும்பி வந்ததில்லியே,” என்றாள் அக்கா. “வாயால சொல்லத் தெரியாத மனுஷன். கலராவது நமக்காகப் பேசும்னு நம்பி வந்தாரு. நான் அந்தக் கலரையே ஊமையாக்கிட்டேன். அந்தப் பொண்ணுக்கு என்ன புரியும்? ஒண்ணும் புரியாது. லீவு முடிஞ்சா வேற பஸ்ஸுக்குப் போயிடும்.”

பஸ்காரருக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார். நல்ல பழக்கம்தான், ஆனால் அன்றைக்கு அக்கா அந்தப் பழக்கத்தை நன்றாகத் திட்டினாள். மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை. தராசுக்காரர் இரண்டு கடைகளின் வேலையைத் தள்ளிப்போட்டுவிட்டு ஸ்கூட்டரை வெளியே எடுத்தார். “கடைசி ஸ்டாப் எங்கேன்னு எனக்குத் தெரியும். அங்க ஒரு கடையில தராசு பாக்கறேன்,” என்றார். ஒரு நாளைக்கான பேச்சை அவர் அதோடு முடித்துக்கொண்டார்.

போகிற வழியில் தூறல் பிடித்துக்கொண்டது. வழி நெடுக அக்கா அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். பஸ்காரரைத் தனியாகக் கூப்பிட வேண்டும். தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். கொடுக்காமல் இருந்தால் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கொடுத்திருந்தால் என்ன செய்வது என்று மட்டும் அவளுக்கு யோசனை ஓடவில்லை.

கடைசி ஸ்டாப்பில் ஒரு நீளச் சுவரை ஒட்டி பஸ் நின்றிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. பஸ்காரர் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து, நிற்கிற வண்டியின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முதல் வரிசையில் அந்தப் பெண், மடியில் பையும் தண்ணீர் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தாள். மழைக்கோட்டைப் போட்டிருந்தாள். காதில் மணிகள் ஆடிக்கொண்டிருந்தன. இருவரும் முன்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படியேறிய அக்காவுக்கு முதலில் கண்ணில் பட்டது நிறம்தான். கோட்டு ஒரு பச்சை, மணி வேறு பச்சை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் ஒன்றையொன்று தெரியாதவர்கள்போல இருந்தன.

“யாரும்மா நீங்க? எங்க ஏர்றீங்க? இது ஸ்கூல் பஸ்ஸு,” என்றாள் அந்தப் பெண்.

“நான்தாம்மா இந்த மணி செஞ்சவ.”

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. “அப்படியா? ரொம்ப அழகா இருக்குங்க. கடைசி நாளு ஞாபகமா வெச்சுக்கோங்கன்னு டிரைவர் சார் குடுத்தாரு.”

“கடைசி நாளு ஞாபகமாவா?” அக்கா பஸ்காரரைப் பார்த்தாள். அவர் வேகம் காட்டுகிற முள்ளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அது பூஜ்யத்தில் இருந்தது.

அக்காவுக்கு ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“கலர் தப்பும்மா,” என்றாள். “அவரு கேட்டது இந்தக் கலர் இல்ல. உன் கோட்டு கலர்ல கேட்டாரு. பட்டனைக்கூட கொண்டாந்து குடுத்தாரு. நான் ஒரு மடச்சி, மூக்குல ஊதாக் கண்ணாடிய மாட்டிக்கிட்டே கலர் பாத்துட்டேன். நீ வேலைக்கு வந்த முதல் நாளு நல்ல மழையாமே. இவருக்கு எதிர்ல ஒண்ணும் தெரியலியாம். வைப்பர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உன் கோட்டு கலர் மட்டும் தெரிஞ்சுதாம். ரெண்டு பிள்ளைங்களை உள்ள விட்டுக்கிட்டு நீ நனைஞ்சுக்கிட்டு நின்னியாமே. அந்தக் கலர்ல குடுத்தா உனக்குப் புரியும்னு நம்பிக்கிட்டிருந்தாரு. வாயால கேக்கத் தெரியல அவருக்கு. கெட்டது முழுக்க என்னால.”

“அக்கா...” என்றார் பஸ்காரர். அந்த ஒரு சொல்லும் பாதியில் கரைந்துபோயிற்று.

அந்தப் பெண் மெதுவாகக் கோட்டைத் திறந்து உள்பக்கம் பார்த்தாள். அறுந்த நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. “எலி கடிச்சிடுச்சுன்னு இல்ல நெனச்சேன்,” என்றாள்.

பஸ்காரர் சட்டைப் பையிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, பட்டனை ஸ்டியரிங்குக்கு முன்னால் இருந்த பலகையில் வைத்தார். பலகை சாய்வாக இருந்ததில் அது உருண்டு போய் அந்தப் பெண்ணின் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணு வருஷமாவா?”

பஸ்காரர் தலையை ஆட்டினார்.

“கதவை மூடட்டுமான்னு மட்டும்தான் கேட்டீங்க.”

“வேற என்ன கேக்கறதுன்னு தெரியல,” என்றார் அவர். வாழ்நாளில் அவர் பேசிய மிக நீளமான காதல் வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

வெளியே ஸ்கூட்டரில் தூறலில் நனைந்தபடி உட்கார்ந்திருந்த தராசுக்காரர், நாகரிகமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சத்தமில்லாமல் இறங்கிப் போயிருப்பார்கள். மணியக்காவால் முடியவில்லை. இங்கே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்கும் புரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் கோட்டுக்கும் மணிக்கும் நடுவில் அந்தப் பொருந்தாத பச்சை, பல்லிடுக்கில் மாட்டிய நார்போல அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

“மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கோங்க,” என்றாள். “முதல்ல அதைக் கழட்டிக் குடும்மா. பட்டறை ஜன்னல்ல இப்போ நல்லா வெளிச்சம் வருது. ஞாயித்துக்கிழமைக்குள்ள கோட்டு கலர்லயே, அச்சு அசலா போட்டுத் தரேன். தப்பான கலரை ஒருத்தர் காதுல விட்டுட்டுப் போனா எனக்கு ராத்திரி தூக்கம் வராது.”

சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.

அந்தப் பெண் நீட்டிய கையைப் பார்த்தாள். பஸ்காரரைப் பார்த்தாள். பிறகு பட்டனை மடியில் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, மணிகளோடு சேர்த்துத் தன் காதுகள் இரண்டையும் இறுகப் பொத்திக்கொண்டாள்.